ஆரோவர்ஸ் கிராஸ்ஓவர்களும் பெண் நாயகிகளின் இடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தி சிடபிள்யூ தொலைக்காட்சியில் 2012 அக்டோபரில் 'ஆரோ' தொடங்கியது. அதிலிருந்து கிளைவிட்ட டிசி காமிக்ஸ் தொடர்களின் குடும்பத்தைத்தான் ரசிகர்கள் ஆரோவர்ஸ் என்று அழைக்கிறார்கள். இந்தத் தொடர்களின் நாயகர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடிய கிராஸ்ஓவர் கதைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பெண் கதாபாத்திரங்களுக்குக் கிடைத்த இடம் பற்றிய விவாதமும் கூடவே எழுகிறது. அந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்க முயன்றிருக்கிறேன். கதையின் திருப்பங்கள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் அதை மனத்தில் கொண்டு படிக்கவும்.

எந்தெந்தக் கிராஸ்ஓவர்களைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலாவது 2014 டிசம்பரில் 'தி ஃப்ளாஷ்', 'ஆரோ' ஆகிய இரு தொடர்களுக்கு இடையே நடந்தது. 2015 டிசம்பரில் அதே இரு தொடர்களும் மீண்டும் சேர்ந்து, 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' என்னும் புதிய தொடருக்கு அடித்தளம் போட்டன. 2016 மார்ச்சில் ஃப்ளாஷ், அப்போது சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த 'சூப்பர்கேர்ள்' தொடருக்கு விருந்தாளியாகப் போனார். பிறகு 2016 நவம்பர் இறுதியில் 'இன்வேஷன்!', 2017 நவம்பரில் 'கிரைசிஸ் ஆன் எர்த்-எக்ஸ்', 2018 டிசம்பரில் 'எல்ஸ்வேர்ல்ட்ஸ்', 2019 டிசம்பர் 8 தொடங்கி 2020 ஜனவரி 14 வரை ஐந்து பகுதிகளாக 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' ஆகியவை வந்தன. 2021 இறுதியில் 'ஆர்மகெடான்' என்ற பெயரில் ஃப்ளாஷ் தொடருக்குள்ளேயே ஐந்து எபிசோடுகள் வந்தன. அதில் மற்ற தொடர்களின் நாயகர்கள் வந்து போனார்களே தவிர, மற்ற தொடர்கள் பங்கேற்கவில்லை.

தனித்தனித் தொடர்களில் எழாத இந்தக் கேள்வி, கிராஸ்ஓவரில் மட்டும் ஏன் பெரிதாகிறது?

தனித் தொடர்களிலும் எழத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நாயகனின் பெயரால் ஓடும் தொடரில் அந்த நாயகனே நடுவில் நிற்பதை யாரும் குறையாகக் கருத மாட்டார்கள். ஃப்ளாஷ் தொடரில் பேரி ஆலன் முன்னால் நிற்பதும், சூப்பர்கேர்ள் தொடரில் காரா டேன்வர்ஸ் முன்னால் நிற்பதும் இயல்பு. கிராஸ்ஓவரில் நிலைமை வேறு. அங்கே எல்லோரும் விருந்தாளிகள், எல்லோருக்கும் சம உரிமை உண்டு என்பதுதான் விளம்பரத்தின் வாக்குறுதி. நான்கு தொடர்களின் ரசிகர்கள் நான்கு இரவுகள் உட்கார்ந்து பார்ப்பது அந்த வாக்குறுதியை நம்பித்தான். அத்தனை பேரையும் ஒரே அறையில் நிறுத்திய பிறகு, யாரைப் பேச விடுகிறார்கள், யாருடைய யோசனையை ஏற்கிறார்கள், யாரைக் கணினி முன்னால் உட்கார வைக்கிறார்கள் என்பது ஒளிவுமறைவின்றித் தெரிந்துவிடுகிறது.

தொடக்க ஆண்டுகளில் நிலைமை எப்படி இருந்தது?

2014-இல் வந்த முதல் கிராஸ்ஓவரைப் பெரும்பாலான ரசிகர்கள் இன்றும் அன்போடு நினைவுகூர்கிறார்கள். நானும் அப்படித்தான். பேரியும், 'ஆரோ' தொடரின் நாயகன் ஆலிவர் குவீனும் மோதிக்கொள்ளும் காட்சிகளில் இருந்த உற்சாகத்தைப் பிறகு வந்த பெரிய செலவுகளால்கூட முழுமையாக மீட்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் கதையில் ஐரிஸ் வெஸ்ட் இருக்கும் இடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். பத்திரிகைத் துறையில் அடியெடுத்து வைக்கும் பெண் அவர். ஃப்ளாஷைப் பற்றி ஊரிலேயே முதன்முதலில் அக்கறையோடு எழுதத் தொடங்கியவர். அவருடைய தந்தை ஜோவுக்குப் பேரிதான் ஃப்ளாஷ் என்று தெரியும். பேரிக்குத் துணைநிற்கும் ஆய்வகத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வேறு ஊரிலிருந்து வந்த ஆலிவருக்கும், அவருடைய குழுவைச் சேர்ந்த டிக்கிளுக்கும், ஃபெலிசிட்டிக்கும் தெரியும். கூடவே வளர்ந்த ஐரிஸுக்கு மட்டும் தெரியாது. அந்த கிராஸ்ஓவரில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஆலிவர் குவீனின் அழகைப் பார்த்து வியப்பதும், தன் காதலர் எடி அதனால் பொறாமைப்படுவதும்தான். 'அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் சொல்லவில்லை' என்ற விளக்கம் அந்த முதல் சீசன் முழுவதும் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஐரிஸின் ரசிகர்களை அன்றே புண்படுத்திய விளக்கம் அது.

2015-இல் கதை கென்ட்ரா சாண்டர்ஸைச் சுற்றி நடந்தது. பிறவிதோறும் மறுபிறப்பெடுக்கும் ஹாக்கேர்ள் அவர். அவரைக் கொல்லத் துடிக்கும் வாண்டல் சாவேஜ், முற்பிறவிகளின் காதலைச் சொல்லி உரிமை கோரும் கார்ட்டர், இப்பிறவியின் காதலரும் பேரியின் ஆய்வகத் தோழருமான சிஸ்கோ என மூன்று ஆண்கள் அவரைச் சூழ்ந்து நிற்க, தன் விதியைப் பற்றித் தானே கடைசியாகத் தெரிந்துகொள்ளும் பெண்ணாக அவர் எழுதப்பட்டிருந்தார். கதையின் மையத்தில் ஒரு பெண் இருந்தார் என்பது உண்மை. ஆனால் கதையை நகர்த்தும் கை அவருடையதாக இல்லை. அதிலிருந்து பிறந்த லெஜண்ட்ஸ் தொடரின் முதல் சீசனில், கப்பலில் ஏறிய ஒன்பது பேரில் பெண்கள் இருவரே.

'சூப்பர்கேர்ள்' வந்ததும் மாற்றம் ஏற்பட்டதா?

ஏற்பட்டது. 2015 அக்டோபரில் அந்தத் தொடர் தொடங்கும்போதே பெயரைப் பற்றிய சர்ச்சையும் உடன் வந்தது. ஆங்கிலத்தில் வளர்ந்த பெண்ணைக் குறிக்க ஒரு சொல்லும், சிறுபெண்ணைக் குறிக்க 'கேர்ள்' என்ற மற்றொரு சொல்லும் இருக்கின்றன. தமிழில் 'பெண்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் இடம் கொடுத்துவிடுவதால் நமக்கு அந்த உறுத்தல் உடனே பிடிபடாது. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைச் 'சின்னப் பொண்ணு' என்று எல்லோரும் அழைத்தால் எப்படி இருக்குமோ, அந்த உறுத்தல்தான் அது. தொடரின் முதல் எபிசோடிலேயே காரா இந்தக் கேள்வியைத் தன் முதலாளி கேட் கிராண்டிடம் கேட்கிறார். தானும் ஒரு கேர்ள்தான், அதிகாரமும் செல்வமும் அறிவும் உடையவள்தான், அந்தச் சொல் உனக்குத் தாழ்வாகத் தெரிந்தால் குறை உன்னிடம் இருக்கிறதல்லவா என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். அந்தப் பதிலில் எல்லோரும் நிறைவடையவில்லை. ஆனால் மறைக்காமல் பேசிய நேர்மையை நான் மதிக்கிறேன்.

2016 மார்ச் 28 அன்று வந்த 'வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' எபிசோடில் பேரி தவறுதலாகக் காராவின் உலகத்துக்குள் வந்து விழுகிறார். வந்தவர் அவளுடைய ஊரில், அவளுடைய கதைக்குள் விருந்தாளியாகவே நடந்துகொள்கிறார். எதிரிகளான லைவ்வயரும் சில்வர் பான்ஷீயும் பெண்கள். இரு நாயகர்களும் ஒருவரையொருவர் வியந்து, தவறும்போது தேற்றி, கடைசியில் ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராகிறார்கள். ஊர் மக்களின் நம்பிக்கையை இழந்து தவித்த காரா கீழே விழுந்து கிடக்கும்போது, சாதாரண மனிதர்கள் முன்வந்து அவருக்கு அரணாக நிற்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள் நீரைப் பாய்ச்சி லைவ்வயரை வீழ்த்த உதவுகிறார்கள். ஆண் நாயகன் வந்து காப்பாற்றும் காட்சியாக அதை எளிதாக எழுதியிருக்கலாம், அப்படி எழுதவில்லை. அந்த எபிசோடு இன்றும் பலருக்கு விருப்பமானதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

'இன்வேஷன்!' மீது ரசிகர்கள் இவ்வளவு கோபப்பட்டது எதனால்?

இந்தப் பக்கத்தில் மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சூப்பர்கேர்ள் தொடர் இரண்டாம் சீசனில் சிடபிள்யூவுக்கு மாறிய பிறகு வந்த முதல் பெரிய கிராஸ்ஓவர் இது. நான்கு தொடர்கள், நான்கு இரவுகள் என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். முதல் இரவான சூப்பர்கேர்ள் எபிசோடில், வேறோர் உலகிலிருந்து வழி திறக்கும் ஓர் ஒளித்துளை ஆங்காங்கே தோன்றி மறைவதைத் தவிர கிராஸ்ஓவர் என்று சொல்ல எதுவும் இல்லை. முடிவில்தான் பேரியும் சிஸ்கோவும் வந்து, தங்கள் உலகத்தின் மீது படையெடுத்திருக்கும் வேற்றுக்கிரகவாசிகளை எதிர்க்க உதவி கேட்கிறார்கள். அதே காட்சியை மறுநாள் ஃப்ளாஷ் எபிசோடில் மறுபடியும் காட்டினார்கள். நான்கு இரவுக் கதை உண்மையில் மூன்று இரவுக் கதையாக இருந்தது. விடுபட்ட அந்த ஓர் இரவு பெண் நாயகியின் இரவு என்பதை ரசிகர்கள் கவனித்தார்கள்.

இரண்டாம் இரவில் எல்லோரும் ஒரு பெரிய விமானக் கொட்டகையில் கூடுகிறார்கள். களத்தில் இறங்கக்கூடியவர்களாக அங்கே நின்றவர்களில் பெண்கள் காரா, லெஜண்ட்ஸ் குழுவின் சாரா லான்ஸ், ஆலிவரின் தங்கை தியா ஆகிய மூவர். ஆண்கள் பேரி, ஆலிவர், டிக்கிள், லெஜண்ட்ஸ் குழுவின் ரே, மிக், ஜாக்ஸ், பேராசிரியர் ஸ்டைன் ஆகிய எழுவர். காராவைப் பேரி அறிமுகப்படுத்துகிறார். அவர் எழும்பிப் பறந்து, கண்ணிலிருந்து வெப்பக்கதிரைப் பாய்ச்சிக் காட்டுகிறார். வேற்றுக்கிரகவாசிகளோடு போரிடுவதற்குப் பயிற்சியாக, மற்ற எல்லோரும் சேர்ந்து காராவை எதிர்க்க வேண்டும் என்கிறார் ஆலிவர். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தூக்கியெறியப்படுகிறார்கள். அந்த அறையில் யார் மிகுந்த வலிமை உடையவர் என்பதில் அதன் பிறகு யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. வந்திருக்கும் எதிரிகளோ வேற்றுக்கிரகவாசிகள். அவர்களோடு மோதிப் பழகியவரும் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் இரவு ஆரோவின் நூறாவது எபிசோடு. அதில் ஆலிவர், தியா, சாரா, டிக்கிள், ரே ஆகியோர் கனவுலகில் சிறைப்பட்டிருக்கிறார்கள். காரா சிறிது நேரமே வந்து போகிறார். நூறாவது எபிசோடு தன் நாயகனைக் கொண்டாடியதில் தவறில்லை, அதை அப்படியே ஏற்கலாம். நான்காம் இரவில்தான் காயம் ஆழமானது. இறுதிப் போருக்கு முன்னால் ஆலிவர் காராவைத் தனியே அழைத்து, இந்த முறை நீ விலகியிரு என்கிறார். காலப்பயணம், பல உலகங்கள், வேற்றுக்கிரகவாசிகள் என்று தன் வாழ்க்கை கைமீறிப் போய்விட்டதாகவும், கொஞ்சமாவது இயல்புநிலை வேண்டும் என்றும் காரணம் சொல்கிறார். கூட்டத்திலேயே வலிமை மிக்கவர், பூமியே அழியும் நிலையில், ஒரு சகாவின் மன ஆறுதலுக்காக ஒதுங்கி நிற்க வேண்டும் என்று கேட்கப்படுகிறார். பல பெண் ரசிகர்கள் அந்தக் காட்சியைத் தாங்கள் வேலை செய்யும் இடத்தில் நடந்ததைப் போலவே உணர்ந்தார்கள் என்பதில் வியப்பில்லை. திறமை உள்ளவளிடம், 'நீ இருந்தால் மற்றவர்களுக்குச் சங்கடம்' என்று மென்மையாகச் சொல்லி வெளியே அனுப்பும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

பிறகு ஆலிவர் மன்னிப்புக் கேட்டுக் காராவைச் சேர்த்துக்கொள்கிறாரே? அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

கட்டாயம் எடுக்க வேண்டும். ஆலிவர் தன் தவற்றை ஒப்புக்கொள்கிறார். காராவும் பேரியும் சேர்ந்துதான் எதிரிகளின் உடலில் வலியூட்டும் சிறு கருவிகளைப் பொருத்தி அவர்களை விரட்டுகிறார்கள். ஆலிவர் சந்தேகக் குணம் கொண்டவர் என்பதும், புதியவர்கள் யாராக இருந்தாலும் அவர் அப்படித்தான் நடந்துகொள்வார் என்பதும் தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேரியையும் முதலில் அப்படித்தான் நடத்தினார்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. 2014-இல் பேரி அந்த அவமதிப்புக்குப் பதில் பேசினார், வாதாடினார், அவரோடு மோதவும் செய்தார். அவருடைய கோபத்துக்குக் கதையில் இடம் இருந்தது. காராவுக்கு அந்த இடம் தரப்படவில்லை. அவர் முகம் வாடுகிறது, ஏற்றுக்கொள்கிறார். மன்னிப்பும்கூட ஆலிவரின் மனவளர்ச்சியைக் காட்டும் தருணமாகவே எழுதப்பட்டது. ஒரு கதாபாத்திரம் தவறு செய்வதைக் குறை சொல்ல முடியாது. தவறு செய்தவரின் பக்கம் மட்டுமே கேமரா நின்றுவிடுவதைத்தான் குறை சொல்கிறோம்.

'கிரைசிஸ் ஆன் எர்த்-எக்ஸ்' கதையில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்களே?

ஆம், அந்தக் குறை அதில் பெருமளவு சரிசெய்யப்பட்டது. நாஜிகள் வென்றுவிட்ட ஓர் இணையுலகிலிருந்து படை வருகிறது. அதன் தளபதி காராவின் மறுவடிவமான ஓவர்கேர்ள். ஆக, நாயகியும் எதிரியும் காராவாக நடித்த மெலிசா பெனாய்ஸ்டே. காராவின் அக்கா அலெக்ஸ் டேன்வர்ஸ் முதன்முறையாகத் தன் உலகத்தை விட்டு வெளியே வந்தார். அவரும் சாராவும் சந்தித்துக்கொள்வதும், மறுநாள் காலையின் தர்மசங்கடமும், பிறகு சிறைமுகாமின் குளிரில் சாரா அவருக்குச் சொல்லும் அனுபவ வார்த்தைகளும் ரசிகர்களுக்கு மிகவும் பிடித்துப்போயின. பிரிவின் துயரத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம் மற்றொரு பெண், 'உன் உள்ளுணர்வை நம்பு' என்று சொல்கிறார். கண்டனமும் இல்லை, பாடமும் இல்லை. தலை எண்ணிக்கை கூடினால் இப்படிப்பட்ட காட்சிகளுக்கு வழி பிறக்கிறது. இரண்டு பெண்கள் ஒரே இடத்தில் இல்லாவிட்டால் அவர்கள் பேசிக்கொள்வது எப்படி? எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

அதே கதையில், மூன்றாம் பகுதியின் பெரும்பகுதியில் காரா தன் சக்தியைப் பறிக்கும் சிவப்புச் சூரிய ஒளியின் கீழ் அறுவை மேசையில் கட்டுண்டு கிடக்கிறார். அவருடைய இதயத்தை எடுத்து ஓவர்கேர்ளுக்குப் பொருத்துவது எதிரிகளின் திட்டம். இதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். ஆனால் அதே பகுதியில் எந்தச் சக்தியும் இல்லாத ஐரிஸும் ஃபெலிசிட்டியும் ஆய்வகத்துக்குள் ஒளிந்திருந்து, அந்த அறுவை நடக்காமல் தடுக்கப் போராடுகிறார்கள். 2014-இல் எதுவும் சொல்லப்படாமல் வைக்கப்பட்டிருந்த ஐரிஸ், 2017-இல் எதிரியின் கோட்டையாகிவிட்ட இடத்தில் முடிவெடுப்பவராக நிற்பதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

அப்படியென்றால் அந்தத் திருமணக் காட்சியின் மீது ஏன் இன்னும் கோபம்?

அந்த கிராஸ்ஓவரே பேரி, ஐரிஸ் திருமணத்தில்தான் தொடங்குகிறது. நாஜிப் படை புகுந்ததால் அது பாதியில் நின்றுபோகிறது. எல்லாம் முடிந்த பிறகு, ஒரு திறந்தவெளியில் டிக்கிள் முன்னின்று நடத்த, இருவரும் வாக்குறுதிகளைச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் ஃபெலிசிட்டி குறுக்கிட்டு, எங்களுக்கும் இப்போதே திருமணம் செய்து வையுங்கள் என்று கேட்க, ஆலிவரும் ஃபெலிசிட்டியும் அங்கேயே மணந்துகொள்கிறார்கள்.

ஒரு முறை கலைந்துபோன முகூர்த்தம் மறுபடி கூடிவரும்போது, அடுத்த ஜோடி வந்து பக்கத்தில் நிற்பதை எந்தக் கல்யாண வீட்டிலும் ரசிக்க மாட்டார்கள். ஆனால் கோபம் அதனால் மட்டும் வரவில்லை. ஐரிஸாக நடித்த கேண்டிஸ் பேட்டன் கறுப்பினப் பெண். அவர் அந்தப் பாத்திரத்துக்குத் தேர்வான நாளிலிருந்தே நிறவெறி கொண்ட வசைகளைச் சந்தித்து வந்தார். தயாரிப்புத் தரப்பிலிருந்து தனக்குப் போதிய பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்று 2022-இல் ஒரு நேர்காணலில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஐரிஸுக்கு உரிய ஒரே நாளையும் பங்கிட வேண்டியிருந்தது என்று கறுப்பினப் பெண் ரசிகர்கள் வருந்தியதை 'ஜோடிச் சண்டை' என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெண்களுக்குள்ளேயே யாருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி, ஆண் பெண் எண்ணிக்கையைவிட நுட்பமானது.

கேமராவுக்குப் பின்னால் நிலைமை என்ன?

'இன்வேஷன்!', 'எர்த்-எக்ஸ்', 'எல்ஸ்வேர்ல்ட்ஸ்' ஆகிய மூன்றின் எல்லாப் பகுதிகளையும் இயக்கியவர்கள் ஆண்களே. 2019-20-இல் வந்த ஐந்து பகுதிகளில் ஒன்றை, பேட்வுமன் தொடருக்குரிய இரண்டாம் பகுதியை, லாரா பெல்சி இயக்கினார்.

இதைவிடக் கசப்பான செய்தியும் உண்டு. இந்தத் தொடர்களின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் மீது பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டுகள் எழுந்து, 2017 நவம்பர் 10 அன்று அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். 'எர்த்-எக்ஸ்' ஒளிபரப்பாகி முடிந்த மறுநாளான நவம்பர் 29 அன்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெண்கள் தோளோடு தோள் நின்று போரிடும் கதையைத் திரையில் பார்த்துக்கொண்டே, அந்தத் திரைக்குப் பின்னால் நடந்ததாகச் சொல்லப்பட்டவற்றையும் படிக்க வேண்டியிருந்த அந்த வாரத்தை ரசிகர்கள் மறக்கவில்லை.

'எல்ஸ்வேர்ல்ட்ஸ்' எப்படி?

பேரி ஆலிவரின் வாழ்க்கையிலும், ஆலிவர் பேரியின் வாழ்க்கையிலும் விழிக்கும் கதை என்பதால், அதன் சுவை அந்த இருவரின் நட்பிலேயே இருக்கிறது. உண்மையை அறிந்து அவர்களை நம்புபவராகக் காரா அமைந்தார். கேட் கேன் என்னும் பேட்வுமனாக ரூபி ரோஸ் அறிமுகமானதும், சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேன் வந்ததும் இதில்தான். லெஜண்ட்ஸ் தொடர் பங்கேற்காததால் சாராவைப் பலர் தேடினார்கள்.

'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' இந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டதா?

பெருமளவு தீர்த்தது என்பது என் கருத்து. அதைப் புரிந்துகொள்ள மூலக்கதைக்குப் போக வேண்டும். 1985-இல் தொடங்கி 12 இதழ்களாக மார்வ் உல்ஃப்மேன் எழுதி, ஜார்ஜ் பெரெஸ் வரைந்த காமிக்ஸ் அது. அதன் ஏழாம் இதழில் சூப்பர்கேர்ள் இறக்கிறார். அவருடைய உடலைத் தாங்கிக்கொண்டு சூப்பர்மேன் அழும் அட்டைப்படம் உலகப் புகழ் பெற்றது. எட்டாம் இதழில் ஃப்ளாஷ் இறக்கிறார். இந்தக் கதையைத் தொலைக்காட்சிக்கு எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்ததும், காராவின் ரசிகர்களுக்கு முதலில் தோன்றியது அச்சம்தான். ஆணின் கண்ணீருக்கு அழகு சேர்க்கப் பெண் சாக வேண்டும் என்ற பழைய வாய்பாடு மறுபடியும் வருமோ என்று நினைத்தார்கள்.

வரவில்லை. உயிரைக் கொடுத்தவர் ஆலிவர். ஒரு முறை அல்ல, இரு முறை. பேரிக்காக விதிக்கப்பட்டிருந்த சாவையும் 1990-ஆம் ஆண்டுத் தொடரின் ஃப்ளாஷான ஜான் வெஸ்லி ஷிப் ஏற்றுக்கொண்டார். உலகங்களை மீட்கக்கூடிய ஏழு 'பாரகான்'களில் மூவர் பெண்கள்: விதியின் வடிவாகச் சாரா, நம்பிக்கையின் வடிவாகக் காரா, துணிவின் வடிவாகக் கேட் கேன். கதை முடிவில் வட்டமேசையைச் சுற்றி அமரும் எழுவரிலும் இந்த மூவரும் இருக்கிறார்கள். ஏழில் மூன்று என்பது பாதிகூட இல்லை. ஆனால் அந்த மூவரும் யாருடைய காதலியாகவும், தங்கையாகவும் அங்கே வரவில்லை. மூவருமே தத்தம் தொடரில் முன்னணியில் நிற்பவர்கள் என்ற தகுதியில் வந்தார்கள்.

அதிலும் காராவுக்கும் கேட்டுக்கும் இடையே நடக்கும் ஒரு சிறு பரிமாற்றத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. இருவரும் எர்த்-99-க்குப் போய், அந்த இணையுலகின் பேட்மேனாகிய, கெவின் கான்ராய் நடித்த முதிய புரூஸ் வேனைச் சந்திக்கிறார்கள். தன் உலகத்துச் சூப்பர்மேனையே கொன்ற மனிதர் அவர். அங்கிருந்து கேட், காராவின் வலிமையைப் போக்கிவிடும் பச்சைக் கல்லான கிரிப்டோனைட்டின் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொள்கிறார். இழந்த உலகத்தை மீட்பதற்காக ஆபத்தான ஒரு நூலைக் கையாளத் துணியும் காரா நிலைதவறினால், தடுப்பதற்கு ஒரு வழி வேண்டும் அல்லவா? பிறகு அதைக் காராவிடமே ஒப்புக்கொள்கிறார். காரா அதைப் பிடுங்கவும் இல்லை, துரோகம் என்று கலங்கவும் இல்லை. நீயே வைத்துக்கொள் என்கிறார். 'இன்வேஷன்!' கதையில் காராவின் வலிமை ஓர் ஆணுக்குச் சங்கடமாக இருந்தது, அவர் விலக்கப்பட்டார். இங்கே அதே வலிமை ஒரு பெண்ணுக்குக் கவலையாக இருந்தது. அவரோடு உட்கார்ந்து பேசப்பட்டது. மூன்றாண்டுகளில் எழுத்து எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உணரலாம்.

பெண்களை முன்னிறுத்துவதற்காக ஆண் நாயகர்களைச் சிறுமைப்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டா?

கிராஸ்ஓவர்களைப் பொறுத்தவரை இல்லை. மிகவும் சமநிலையானது என்று நாம் பேசும் கதையிலேயே எழுவரில் நால்வர் ஆண்கள். உச்சக்கட்டத் தியாகமும் ஆலிவருடையது.

எழுத்தின் தரம் பற்றிய குறைகளை நான் மறுக்கவில்லை. 2019-இல் வந்த பேட்வுமன் டிரெய்லரில், பேட்மேனின் உடை ஒரு பெண்ணுக்குப் பொருந்தும்போதுதான் முழுமை பெறும் என்ற பொருளில் கேட் பேசும் வரி, கதையிலிருந்து பிறக்காமல் விளம்பரப் பலகையிலிருந்து இறங்கி வந்ததுபோல் இருந்தது. அந்த வரியைப் பிடிக்கவில்லை என்பது நியாயமான விமர்சனம். ஆனால் 2018 ஆகஸ்டில், ஒரு காட்சிகூடப் படமாக்கப்படாத நிலையில், அந்தப் பாத்திரத்துக்குத் தேர்வான ஒரே காரணத்துக்காக ரூபி ரோஸ் மீது வசைகள் குவிந்து, அவர் ட்விட்டரை விட்டே விலக நேர்ந்ததை விமர்சனம் என்ற சொல்லால் மூட முடியாது. எபிசோடைப் பார்த்துவிட்டு அதை ஏன் பிடிக்கவில்லை என்று சொல்பவரோடு எவ்வளவு நேரமும் பேசலாம்.

ரசிகர்களின் குரலால் ஏதாவது மாறியதா?

இன்ன கடிதத்தால் இன்ன காட்சி மாறியது என்று காட்ட முடியாது. மாறியவற்றை மட்டும் சொல்கிறேன். ஒன்பதில் இரண்டு பெண்களோடு கிளம்பிய லெஜண்ட்ஸ் தொடர், சாராவைக் கப்பலின் தலைவியாக்கியது. 2022-இல் முடிந்த ஏழாம் சீசனின் முதன்மை நடிகர்கள் பத்துப் பேரில் ஆறு பேர் பெண்கள். சூப்பர்கேர்ள் தொடரில் நிக்கோல் மெயின்ஸ் ஏற்ற டிரீமர், அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் திருநங்கை சூப்பர் ஹீரோவாக வந்தார். பேட்வுமனின் இரண்டாம் சீசனில் ஜவீசியா லெஸ்லி அந்த உடையை அணிந்தார். 'ஆர்மகெடான்' கதைக்கு உதவிக்கு வந்தவர்களில் அவரும், அலெக்ஸ் டேன்வர்ஸும், ஆலிவரின் மகள் மியாவும் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை. இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள எவற்றைப் பார்க்கலாம்?

முதலில் 'வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' எபிசோடைப் பாருங்கள். அதற்கு முன்கதை அதிகம் தேவையில்லை. அடுத்து 'இன்வேஷன்!' கதையின் ஃப்ளாஷ் பகுதியையும் லெஜண்ட்ஸ் பகுதியையும் பாருங்கள். ஆரோ பகுதி அந்தத் தொடரின் பழைய ரசிகர்களுக்கே முழுமையாகச் சுவைக்கும். பிறகு 'எர்த்-எக்ஸ்' நான்கு பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்ப்பது நல்லது, நடுவில் நிறுத்தினால் அதன் வேகம் கெட்டுவிடும். கடைசியாக 'இன்ஃபினிட் எர்த்ஸ்' ஐந்து பகுதிகள். அதில் இரண்டாம் பகுதியைப் பார்க்கும்போது மட்டும், கேட்டின் கையில் அந்தக் கிரிப்டோனைட் துண்டு வந்து சேரும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.